நீர்க்கடுப்பு: கிருமி சிறுநீர்ப்பையை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறது?

கத்திரி வெயில் ஏறிவிட்டால் வேலூர்ப் பக்கத்து மெடிக்கல் ஷாப்களில் "யூரின் போனா எரியுது, ஏதாவது குடுங்க" என்று நிற்பவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு சிரப், நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. வீட்டுக்கு வந்தால் இளநீர், நீர்மோர், பார்லித் தண்ணீர். ரெண்டு நாளில் எரிச்சல் போய்விடும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மறுபடி வந்து நிற்கும். போதாக்குறைக்கு இப்போது ஆன்லைனில் டி-மேனோஸ் என்ற சர்க்கரைப் பவுடர், கிரான்பெர்ரி என்ற பழத்தின் மாத்திரை என்று ஒரு புது வியாபாரம் ஓடுகிறது. கிருமியைச் சிறுநீர்ப்பையில் ஒட்டவே விடாது என்பது விளம்பரம். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்தக் கிருமி எதைக் கொண்டு எதைப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## கிருமி எங்கிருந்து வருகிறது

வேறு உடல்சிக்கல் இல்லாதவர்களுக்கு வரும் யூரின் இன்ஃபெக்ஷனில் முக்கால்வாசிக்கும் மேல் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. 1885இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இருந்து இதை முதலில் விவரித்தார். நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான், அங்கேயே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து அங்கிருந்து மேலே ஏறினால்தான் வம்பு. துவாரத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் பெண்களுக்கு 4 செ.மீ. அளவு, ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. பெண்களுக்கே இது அதிகம் வருவதற்கு இந்த நீள வித்தியாசம் முக்கியமான காரணம்: ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது, வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்புகிறது. இவ்வளவு பொதுவான ஒன்றை வைத்து ஒரு பெண்ணின் சுத்தத்தைப் பற்றிப் பேசுவது அபத்தம். நம் ஊரில் அதைத்தான் முதலில் பேசுவார்கள்.

சரி, இது சூட்டால் வருகிறது என்பார்களே? உடம்புச் சூடு கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் தள்ள முடியாது, வியர்வையில் தண்ணீர் போய்விட்டால் சிறுநீர் குறைகிறது, பை நிறைய நேரமாகிறது, உள்ளே வந்த கிருமிக்குப் பெருக அவகாசம் கிடைக்கிறது. ஒரு சின்னக் கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா மூன்று மணி நேரத்தில் 64 ஆகும். எட்டு மணி நேரம் விட்டால் 65,536. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளிலோ வேறு எங்கோ, பாத்ரூம் போக வேண்டி வருமே என்று ஷிப்டு முடியும்வரை தண்ணீரே தொடாமல் வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதிலேயே ஒரு கேள்வி வருகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை பை காலியாகிறதே, ஒவ்வொரு முறையும் கிருமி வெளியேறிவிட வேண்டாமா? வெளியேறத்தான் செய்கிறது. மிதப்பது எல்லாம் போய்விடும், ஒட்டியிருப்பது மட்டும் நிற்கும். நோய் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த ஒட்டுதலில்தான் தீர்மானமாகிறது.

## பையின் உள்சுவர்

சிறுநீர்ப்பையின் உட்புறத்தில் பல அடுக்கு செல்கள் உண்டு. சிறுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் அடுக்குக்குக் குடை செல்கள் என்று பெயர்; பெரிய, அகலமான செல்கள், கீழே இருக்கும் பல சிறிய செல்களை மூடியபடி விரிந்திருக்கும். இவற்றின் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதங்கள் அறுகோண வரிசையில் அடுக்கப்பட்டுத் தகடு தகடாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு துகளும் 16 நானோமீட்டர்தான். சிறுநீரில் இருக்கும் யூரியாவும் உப்பும் திரும்ப உடம்புக்குள் கசியாமல் இருப்பதற்கு இந்தத் தகடுகள்தான் முக்கியமான தடுப்பு, பை நிறையும்போது விரிந்துகொடுப்பதற்கும் இவை உதவுகின்றன.

இந்தப் புரதங்களில் ஒன்று, யூரோபிளாக்கின் 1ஏ. அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அந்தச் சங்கிலியின் முனையில் வெளியே தெரியும்படி நிற்பது மேனோஸ் என்ற சர்க்கரை. இரத்தச் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எல்லோருக்கும் இருப்பதுதான் இது. ஈ.கோலை தேடுவது இந்த மேனோஸை.

உடம்பும் சும்மா இல்லை. சிறுநீரகத்தில் யூரோமாடுலின் என்ற புரதம் உருவாகிச் சிறுநீரோடு இறங்குகிறது. 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் விவரித்ததால் டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்ற பெயரும் உண்டு. இதிலும் மேனோஸ் தாராளமாக இருக்கிறது. மிதந்துவரும் கிருமி சுவரைப் பிடிப்பதற்கு முன் இதைப் பிடித்துக்கொண்டால் சிறுநீரோடு வெளியே போய்விடும். இந்தப் புரதம் இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளுக்குத் தொற்று சுலபமாக வந்தது. ஆக, கிருமியை மேனோஸ் காட்டி ஏமாற்றும் யோசனை பவுடர் கம்பெனிக்காரர்களுடையது அல்ல, உடம்பு ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது.

## பிடிக்கும் உறுப்பு

ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நம் பாடப்புத்தகத்தில் நுண்சிலும்பு என்று போட்டிருப்பார்களே, அதுதான். பல வகை உண்டு. சிறுநீர்ப்பைக்கு முக்கியமானது முதல் வகை நுண்சிலும்பு.

1. தண்டு: ஃபிம்ஏ என்ற ஒரே புரதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை கோத்துச் சுருண்டு உண்டான இழை. சுமார் 7 நானோமீட்டர் தடிமன், நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட கிருமியின் உடம்பளவு நீளம்.

2. நுனி: தண்டின் முனையில் ஃபிம்எச் என்ற ஒரே ஒரு புரதம். மேனோஸைப் பிடிப்பது இதுதான். இவ்வளவு நீள இழையில் வேலை செய்யும் இடம் அந்த நுனி மட்டுமே.

3. எண்ணிக்கை: ஒரு கிருமிக்கு இப்படி நூற்றுக்கணக்கில் இழைகள் இருக்கலாம். ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்திருக்கும்.

4. மாற்றிப் போடும் வசதி: எல்லாக் கிருமிக்கும் எப்போதும் இழை இருக்காது. டி.என்.ஏ.வில் ஒரு சின்னத் துண்டு, சரியாகச் சொன்னால் 314 எழுத்து நீளம், ஒரு திசையில் இருந்தால் இழை உருவாகும், திருப்பிப் போட்டால் உருவாகாது. ஒரே கூட்டத்தில் சில இழையோடும் சில இழையில்லாமலும் இருக்கும். நம் எதிர்ப்பு சக்தி இழையைக் கண்டுபிடித்துத் தாக்கினால்கூட இழையில்லாதவை தப்பிவிடலாம்.

## இழுத்தால் இறுகும் பிடி

எதை ஒட்டினாலும் இழுத்தால் கழலும், பலமாக இழுத்தால் சீக்கிரம் கழலும், இதுதான் நமக்குத் தெரிந்த நடைமுறை. இந்தப் பிடி அதற்கு நேர்மாறு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்ஜெனி சொகுரென்கோ, வியோலா ஃபோகல் ஆகியோரின் குழு 2002இல் இதை வெளியிட்டது: மேனோஸ் உள்ள பரப்பில் ஒட்டிய பாக்டீரியாமீது திரவத்தின் ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட, அவை அடித்துக்கொண்டு போகாமல் இன்னும் உறுதியாக நின்றன. கேட்ச் பாண்ட் என்கிறார்கள். கிணற்றில் குடம் இறக்கும்போது அதன் கழுத்தில் போடும் சுருக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் சுருக்கும் தளரும், குடம் நிறைந்து கனக்கக் கனக்க அது இறுகும்.

எப்படி என்றால், ஃபிம்எச்சுக்கு இரண்டு பகுதிகள். முன்பகுதி மேனோஸைப் பிடிக்கும், பின்பகுதி தண்டோடு சேர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது முன்பகுதியின் வடிவம் சற்றுத் திறந்தே இருக்கிறது, பிடி லேசானது. சிறுநீர் பாய்ந்து கிருமியை இழுக்கும்போது இரண்டு பகுதியும் விலகுகின்றன, விலகியதும் முன்பகுதியின் வடிவம் மாறி மேனோஸைச் சுற்றி மூடிக்கொள்கிறது. ஓட்டம் நின்றால் பழையபடி தளர்வு. அப்புறம் அந்தத் தண்டு: இழுவிசை அதிகமானால் அதன் சுருள் பிரிந்து பல மடங்கு நீளும், விசை குறைந்ததும் மறுபடி சுருண்டுகொள்ளும். இழுப்பின் வேகம் முழுக்க நுனியில் போய் விழாமல் தண்டே ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

இதில் கிருமிக்கு இரண்டு லாபம். ஒன்று, ஓட்டம் இல்லாத நேரத்தில் பிடி தளர்ந்திருப்பதால் சுவரில் நகர்ந்து புது இடம் போக முடிகிறது, ஓட்டம் வந்ததும் இருந்த இடத்திலேயே நின்றுவிட முடிகிறது. இரண்டாவது இன்னும் சுவாரசியம். மிதக்கும் யூரோமாடுலினோ மிதக்கும் மேனோஸோ கிருமியோடு சேர்ந்தே மிதப்பதால் அதைச் சுவரைப்போல் இழுத்து நிறுத்துவதில்லை. இழுப்பு இல்லையென்றால் பிடி லேசானதுதான், சீக்கிரம் விட்டுவிடும். அசையாத சுவரைப் பிடித்தால் மட்டும் இறுகும். ஏமாற்று மேனோஸிடம் முழுக்க ஏமாறாமல் இருக்க இந்த அமைப்பு உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பவுடர் விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒட்டியபின் உள்ளே போகிறது

ஒட்டுவதோடு முடிந்திருந்தால் ஆன்டிபயாட்டிக் கதையை முடித்திருக்கும். செயின்ட் லூயிஸில் இருக்கும் இன்னொரு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (பெயர் ஒன்று, ஊர் வேறு) ஸ்காட் ஹல்ட்கிரென் குழு எலிகளில் பல வருடம் பார்த்துத் தெரிந்துகொண்ட வரிசை இது:

1. ஃபிம்எச் பிடித்ததும் குடை செல்லுக்குள்ளேயே சில சமிக்ஞைகள் எழும்பி, செல் தன் சவ்வை வளைத்துக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலையைச் செய்வது நம் செல்தான்.

2. உள்ளே வந்த கிருமிகளில் கணிசமானதைச் செல் திரும்ப வெளியே துப்பிவிடுகிறது. சில தப்பிச் செல்லின் உட்குழம்புக்குள் வந்துவிடுகின்றன.

3. அங்கே சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகி நெருக்கமான கூட்டமாகின்றன. வெள்ளையணுக்கள் சுலபமாகத் தொட முடியாது, பல ஆன்டிபயாட்டிக்குகளும் செல்லுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. 2003இல் வெளியான விஷயம் இது.

4. பிறகு வெளியே வந்து பக்கத்து செல்களைப் பிடிக்கின்றன. சில கிருமிகள் பிரியாமல் நீளமாக வளர்ந்து இழைபோல ஆகிவிடும், அவற்றை வெள்ளையணு விழுங்குவது கஷ்டம்.

5. உடம்பு கடைசி ஆயுதமாகத் தொற்றிய குடை செல்களையே உதிர்த்துச் சிறுநீரில் தள்ளுகிறது. நிறையக் கிருமி போய்விடும், ஆனால் அடியிலிருக்கும் இளம் செல்கள் வெளியே தெரிந்துவிடும். அவற்றுக்குள் நுழையும் சில கிருமிகள் பெருகாமல் அப்படியே முடங்கி வாரக்கணக்கில் இருந்துவிடுகின்றன.

இது எலிக்கு மட்டும்தானா என்ற சந்தேகம் நியாயமானது. 2007இல் யூரின் இன்ஃபெக்ஷன் வந்த பெண்களின் சிறுநீரைப் பார்த்தபோது, உதிர்ந்த செல்களுக்குள் அதே மாதிரிக் கூட்டங்களும் அந்த நீளக் கிருமிகளும் கிடைத்தன. மனிதரின் சிறுநீர்ப்பையில் அடியில் முடங்கியிருப்பவைதான் ஒவ்வொரு முறையும் திரும்புகின்றனவா என்பது அவ்வளவு எளிதில் முடிவாகாது, ஏனென்றால் அதே ரகக் கிருமி குடலிலிருந்தும் மறுபடி வரலாம். இரண்டு வழியும் திறந்துதான் இருக்கிறது.

இப்போது கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பாருங்கள். சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்த டெஸ்ட், சிறுநீரில் மிதப்பதைத்தான் எண்ணுகிறது. ஒரு மி.லி.க்கு 1 லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்பது பழைய அளவுகோல், 1950களில் வந்தது. கல்ச்சர் சுத்தம் என்றால் சிறுநீர் சுத்தம், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

## சிறுநீரகம், டியூப்

சிறுநீரகத்துக்கு ஏறும் ஈ.கோலையிடம் பெரும்பாலும் பி வகை என்ற வேறொரு நுண்சிலும்பு இருக்கும். அதன் நுனிப் புரதம் மேனோஸைச் சட்டை செய்யாது, சிறுநீரகச் செல்களில் இருக்கும் கேலக்டோஸ் இரட்டைச் சர்க்கரையைப் பிடிக்கும். ஆக, மேனோஸை மறைத்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. குளிர்காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி என்று வந்தால் அது சிறுநீர்ப்பை விஷயம் இல்லை, இளநீர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சிறுநீர் டியூப் போட்டவர்களின் கதை இன்னும் வேறு. டியூப் உரசுவதால் பைக்குள் ஃபைப்ரினோஜென் என்ற இரத்தப் புரதம் கசிந்து டியூப்மேல் படிகிறது, என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் தங்கள் இழையால் அதைப் பிடிக்கின்றன. 1971இலேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்த ஊர் வேலூர், வட இந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சிறுநீரக நோயாளிகள் வந்து தங்கும் ஊர். அவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் அதை வீட்டில் வரும் நீர்க்கடுப்போடு சேர்த்து எண்ணவே கூடாது.

## அப்படியானால் எது வேலை செய்யும்

தண்ணீர். பிடி இழுத்தால் இறுகும் என்றால் தண்ணீர் குடித்து என்ன பயன் என்று தோன்றும். ஒட்டிவிட்டதை அது பெயர்க்காதுதான், ஆனால் ஒட்டுவதற்கு முன் மிதப்பதை வெளியேற்றும், மேலே போட்ட கணக்கில் எட்டு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக்கும். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிப்பவர்களும் அடிக்கடி தொற்று வருபவர்களுமான 140 பெண்களில் பாதிப் பேர் தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. (பணம் போட்டது பாட்டில் தண்ணீர் விற்கும் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் குழாய்த் தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்யும்.) ஆக இளநீரும் மோரும் தடுக்க உதவும், வந்துவிட்ட தொற்றுக்கு மருந்து ஆகாது. இதயம், சிறுநீரகப் பிரச்சனைக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

டி-மேனோஸ். யோசனை நியாயமானது, ஆரம்பமும் நன்றாகத்தான் இருந்தது: 1979இலேயே மேனோஸ் போன்ற ஒரு பொருளைக் கொடுத்து எலிகளின் சிறுநீர்ப்பையில் ஈ.கோலை ஒட்டுவதைத் தடுத்துக் காட்டினார்கள். ஆனால் பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களை வைத்து நடந்த சோதனை 2024இல் வெளியானது. தினம் 2 கிராம், ஆறு மாதம். மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்றோடு டாக்டரிடம் வந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மேனோஸ் இல்லாத போலிப் பவுடர் கொடுக்கப்பட்டவர்களில் 55.7 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்க வேண்டிய அளவுதான். என் பார்வையில் இதில் ஆச்சரியம் இல்லை: மிதக்கும் மேனோஸை ஃபிம்எச் லேசாகத்தான் பிடிக்கும், ஏற்கெனவே சுவரில் இறுகியதையும் செல்லுக்குள் போனதையும் பவுடர் தொடவே முடியாது. விளம்பரத்தில் உண்மையான பாதி, கிருமி மேனோஸைப் பிடிக்கிறது என்பது. மேனோஸைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஃபிம்எச்சில் போய் உட்காரும் மேனோசைடு என்ற மருந்துகளை ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிவருகின்றன. அது வேறு விஷயம், பவுடர் டப்பா அதுவல்ல.

கிரான்பெர்ரி. இதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 50 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 மதிப்பாய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு சுமார் கால்பங்கு குறைந்தது. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. அதுவும் தடுக்கத்தான். கடையில் விற்கும் சர்க்கரை ஜூஸ் வேண்டாம், சுகர் இருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, யோனியில் காவலுக்கு இருக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைந்துபோவதால் தொற்று கூடுகிறது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. நம் பக்கத்தில் அம்மாக்கள் வெட்கத்தில் இதைக் கேட்பதே இல்லை, கேட்கலாம்.

மாத்திரை. கடையில் சொல்லி வாங்கும் நாலு மாத்திரை பெரும்பாலும் இரண்டு தவறைச் சேர்த்துச் செய்கிறது. எரிச்சல் குறைந்ததும் நிறுத்தினால் மிதப்பது மட்டும் குறைந்திருக்கும். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி எல்லோரும் பெயர் தெரிந்து கேட்கும் மருந்துகளுக்கு இந்தியாவில் ஈ.கோலை பெருமளவு பழகிப்போய்விட்டது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின், ஒரே வேளை 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை இன்னும் நன்றாக வேலை செய்கின்றன, எதை யாருக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும். அடிக்கடி வருகிறவர்கள் முதல் மாத்திரை போடுவதற்கு முன் கல்ச்சருக்கு யூரின் கொடுத்துவிடுவது நல்லது, போட்டபின் கொடுத்தால் ரிப்போர்ட் குழப்பும்.

## ஒட்டாத கிருமி

ஒட்டுதல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீரில் மூன்று வருடமாக ஈ.கோலை இருந்தது, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. 83972 என்று எண் கொடுத்து அந்தக் கிருமியை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் முதல் வகை நுண்சிலும்பையோ பி வகையையோ அதனால் உருவாக்க முடியவில்லை என்று தெரிந்தது. சுவரைப் பிடிக்காமல், சிறுநீரிலேயே வேகமாகப் பெருகி அது காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. பிறகு அடிக்கடி தொற்று வரும் சிலருடைய பைக்குள் மருத்துவர்கள் வேண்டுமென்றே இதைச் செலுத்தி, கெட்ட கிருமிக்கு இடமில்லாமல் செய்ய முடியுமா என்றும் சோதித்திருக்கிறார்கள், ஓரளவு பலனும் கிடைத்தது.

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்ததும் பயந்து ஆன்டிபயாட்டிக் தேடுபவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எரிச்சல், அடிக்கடி போகும் அவசரம், வலி எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால், சுகர் இருந்தாலும் வயதானாலும்கூடப் பொதுவாக மருந்து தேவையில்லை. கொடுத்தால் பலன் இல்லாமல் மருந்துக்குப் பழகிய கிருமிதான் மிஞ்சும். இதற்கு விலக்கு இரண்டு. சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியக்கூடிய அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் ஒன்று. இன்னொன்று கர்ப்பிணிகள், அவர்களுக்கு இப்படிச் சத்தமில்லாமல் இருக்கும் கிருமியே சிறுநீரகம்வரை ஏறிவிடும் ஆபத்து அதிகம் என்பதால்தான், ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னாலும் ஆரம்ப மாதங்களில் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்கள்.